எண்ணெய்க் கணக்கில் எழுதாத பக்கம்

நட்டஈட்டுப் படிவம் நிரப்பியவர்கள் எம்மில் பலர். வீடு எரிந்து, அல்லது ஷெல் விழுந்து உடைந்து, சில ஆண்டுகளின் பின் ஊருக்குப் போய்ப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தபோது ஓர் அலுவலகத்தில் அந்தத் தாளைத் தந்தார்கள். ஓடு எத்தனை, கதவு எத்தனை, யன்னல் எத்தனை, தென்னை எத்தனை, பனை எத்தனை என்று அதில் கட்டங்கள் இருந்தன. எமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்பிவிட்டு, தாளின் அடியிலிருந்த வெற்றிடத்தில் "கிணறு, நல்ல தண்ணீர்" என்று எழுதினார். தண்ணீருக்குக் கட்டம் இல்லை என்று சொல்லி அங்கிருந்த எழுதுவினைஞர் அதை வெட்டிவிட்டார். "தம்பி, கதவை நான் திரும்பச் செய்விக்கலாம். அந்தத் தண்ணியை ஆர் செய்து தருவினம்?" என்று பெரியவர் கேட்டாராம். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்களாம். அவர் சிரிக்கவில்லை.

இதை இப்போது ஏன் சொல்ல வந்தோம் என்றால், நாம் வந்து குடியேறியிருக்கும் இந்த நோர்வே நாட்டிலும் அப்படியான ஒரு படிவம் அரை நூற்றாண்டுக்கு மேலாக நிரப்பப்பட்டு வருகின்றது. அது கடலுக்கான படிவம். கடலின் அடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பதால் வரும் வருமானம் அதன் ஒரு பக்கத்தில் சதம் பிசகாமல் எழுதப்பட்டிருக்கின்றது. மறுபக்கத்தில், அதற்காகக் கொடுத்த விலையை எழுதவேண்டிய இடத்தில், பல கட்டங்கள் நெடுநாளாக இல்லாமலே இருந்தன. சில இன்னும் இல்லை. அண்மையில் வந்து மொழி படித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இது தேவையில்லாத விடயமாகத் தோன்றலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. காரணத்தைப் போகப்போகச் சொல்கிறோம்.

முதலில் வரவுப் பக்கத்தைப் பார்ப்போம். 1969 ஆம் ஆண்டின் இறுதியில் வடகடலின் எக்கோபிஸ்க் என்ற இடத்தில் பிலிப்ஸ் என்ற அமெரிக்கக் கொம்பனி பெரும் எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தது. 1971 இல் எண்ணெய் மேலே வரத் தொடங்கியது. அதற்கு முன் இந்த நாடு மீன், மரம், கப்பல், நீர்மின்சாரம் ஆகியவற்றை நம்பி வாழ்ந்த நாடு. இன்று எண்ணெய்க் கொம்பனிகளின் இலாபத்தில் 78 வீதம் வரியாக அரசுக்குப் போகின்றது. 1990 இல் சட்டமாக்கி, 1996 இல் முதற் பணம் போடப்பட்ட எண்ணெய் நிதியம் 2024 இன் முடிவில் ஏறத்தாழ 20 இலட்சம் கோடி குரோணர்களாக வளர்ந்திருந்தது. நாட்டின் சனத்தொகை 56 இலட்சம் அளவில். தலைக்குப் பிரித்தால் ஏறத்தாழ 35 இலட்சம் குரோணர். நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அரச செலவில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ இப்போது இந்த நிதியத்திலிருந்து வருகின்றது. ஆக, நமது மொழி வகுப்பிலும், பிள்ளைகளுக்கு மாதாமாதம் வரும் கொடுப்பனவிலும், ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அந்தக் கடல் கலந்திருக்கின்றது. நாமும் அந்த எண்ணெயைச் சாப்பிடுகிறோம் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுதான் மற்றதைப் பேசவேண்டும்.

இந்த வரவுப் பக்கத்தை இவ்வளவு ஒழுங்காக அமைத்தவர்களில் ஒருவர் நம்மைப்போல் வெளியிலிருந்து வந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. பாரூக் அல் காசிம் ஈராக்கின் பஸ்ரா நகரைச் சேர்ந்த எண்ணெய் நிபுணர். மனைவி நோர்வேஜியர். மகனின் சிகிச்சைக்காக 1968 இல் குடும்பத்தோடு இங்கு வந்தார். ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டுக் கைத்தொழில் அமைச்சின் படியேறினார். அப்போது அங்கே எண்ணெயைப் பற்றித் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவினரே. துளையிட்ட பெறுபேறுகளை வாசித்துச் சொல்லும் வேலை அவருக்குக் கிடைத்தது. பின்னர் 1973 முதல் 1990 வரை ஸ்தவாங்கரில் இருந்த எண்ணெய்ப் பணிப்பகத்தில் வளங்களுக்குப் பொறுப்பான பணிப்பாளராக இருந்தார். வேலை தேடி அலையும் நம்மவர்களுக்கு இதைச் சொல்வதில் எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இனி மறுபக்கம்.

1980 மார்ச் 27 ஆம் திகதி மாலை. எக்கோபிஸ்க் பகுதியில் தொழிலாளர் தங்குமிடமாகப் பயன்பட்ட அலெக்சாண்டர் ஷீலாண்ட் என்ற மிதக்கும் தளத்தின் ஐந்து கால்களில் ஒன்று புயலில் முறிந்தது. தளம் சரிந்து, சிறிது நேரத்தில் குடைசாய்ந்தது. அதில் இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தனர். காலைத் தாங்கிய குழாய் ஒன்றில், ஒரு சிறிய கருவியைப் பொருத்துவதற்காகப் போடப்பட்ட ஒட்டு ஒன்றிலிருந்து வெடிப்புத் தொடங்கியிருந்ததை விசாரணையில் கண்டார்கள். விரலளவு வெடிப்பு மெல்ல மெல்ல வளர்ந்து 123 குடும்பங்களின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. இறந்தோரின் குடும்பங்களும் தப்பியவர்களும் நாற்பது ஆண்டுகளாகக் கேள்வி கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். 2021 இல் நாட்டின் கணக்காய்வாளர் அலுவலகம், அவர்களை அரச அதிகாரிகள் நடத்திய விதத்தைக் கண்டித்து அறிக்கை விட்டது. அவர்களுக்கு நட்டஈடு வழங்கும் தீர்மானம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2025 இல். அதற்குள் விதவைகளில் பலர் கிழவிகளாகிவிட்டார்கள்.

ஓர் உயிருக்கு என்ன விலை என்று கேட்டால் நாம் கோபப்படுவோம். ஆனால் கணக்கு எழுதுபவர்கள் ஓர் இலக்கம் வைத்திருக்கிறார்கள். 2012 இல் இங்குள்ள அரசு நியமித்த நிபுணர் குழு, பொதுத் திட்டங்களை மதிப்பிடும்போது ஓர் உயிரை 3 கோடி குரோணராகக் கொள்ளும்படி பரிந்துரைத்தது. இது இன்னாருடைய உயிரின் விலை அல்ல. வீதியில் ஒரு தடுப்புச் சுவரோ கப்பலில் ஒரு மேலதிகப் படகோ வைத்து, சாகும் ஆபத்தைச் சிறிது குறைக்கச் சமூகம் எவ்வளவு செலவிடத் தயார் என்பதைத் திரட்டிப் பெற்ற இலக்கம். அந்த இலக்கத்தை 123 ஆல் பெருக்கினால் 369 கோடி வரும். எமது கருத்து என்னவென்றால், இப்படி ஓர் இலக்கம் இருப்பது இல்லாமலிருப்பதைவிட நல்லது. இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தில் பூச்சியம்தான் எழுதப்படும். பூச்சியமும் ஓர் இலக்கந்தானே.

இறந்தவர்களையாவது எண்ணலாம். உயிரோடு உடைந்தவர்களை எண்ணுவது கடினம். வடகடலின் ஆரம்ப காலத்தில் குழாய்களைப் பொருத்தவும் கால்களைச் சோதிக்கவும் சுழியோடிகள் வேண்டியிருந்தது. ஆழத்துக்குப் போன சுழியோடி மேலே வரும்போது உடம்பிலுள்ள வாயு மெல்ல வெளியேற நேரம் கொடுக்கவேண்டும். அவசரப்பட்டால் அது இரத்தத்தில் குமிழியாகி நரம்பையும் மூளையையும் தாக்கும். எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதற்கு அட்டவணைகள் உண்டு. அந்த அட்டவணைகளைக் கொம்பனிகள் தமது வியாபார இரகசியமாக வைத்திருந்தன. விரைவாக மேலே கொண்டுவரும் கொம்பனிக்கு வேலை மலிவாக முடியும். ஐம்பது மீற்றருக்குக் கீழே உயிரைப் பணயம் வைத்தவனுக்குத் தன்னை எந்த அட்டவணைப்படி மேலே இழுக்கிறார்கள், அதில் என்ன ஆபத்து இருக்கின்றது என்பது சொல்லப்படவில்லை. பலர் ஞாபகமறதி, கேட்கும் திறன் குறைதல், மனநோய் ஆகியவற்றோடு வீடு திரும்பினார்கள். சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2004 இல் பாராளுமன்றம் அவர்களுக்கு ஒரு கொடுப்பனவுத் திட்டத்தை ஏற்றது. அது போதாது என்று சிலர் ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்றார்கள். 2013 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: அந்த அட்டவணைகள் பற்றிய முக்கியமான தகவல் சுழியோடிகளுக்குக் கிடைப்பதை நோர்வே அரசு உறுதிசெய்யவில்லை, இது உரிமை மீறல் என்று. இந்தச் செலவு முதலில் எங்கே எழுதப்பட்டிருந்தது? அந்த வீடுகளின் சமையலறைகளில், மனைவிமாரின் தலையில்.

கடலடி நிலமும் தன் பங்குக்கு ஒரு பற்றுச்சீட்டு அனுப்பியது. எக்கோபிஸ்கில் மூன்று கிலோமீற்றர் ஆழத்திலுள்ள சுண்ணப் பாறையிலிருந்து எண்ணெயை உறிஞ்ச உறிஞ்ச, பாறை நெரிந்து, மேலிருந்த கடலடி தாழத் தொடங்கியது. 1984 இல்தான் அதைக் கண்டார்கள். நடுக்கடலில் நின்ற பெரிய கொங்கிறீற் தொட்டியின் சுவரில் இருக்கும் துளை வரிசைகளில் சில தண்ணீருக்குள் போய்விட்டதைக் கவனித்ததால் விளங்கியது என்று சொல்வார்கள். 1987 இல் இயந்திரத் தூக்கிகளால் தளங்களை ஆறு மீற்றர் உயர்த்தினார்கள். 1989 இல் தொட்டியைச் சுற்றிப் பாதுகாப்புச் சுவர் கட்டினார்கள். பெரும் பொறியியற் சாதனை என்று பத்திரிகைகள் எழுதின; உண்மைதான். ஆனால் முதல் நாள் கணக்குப் பார்த்தபோது இந்தச் செலவு எவருடைய தாளிலும் இருந்திருக்காது.

இதுவரை சொன்னவை எல்லாம் ஏதோ ஒரு வகையில் பணமாக்கக் கூடியவை. சந்தையில் விற்காத ஒன்றை எப்படி மதிப்பிடுவது? கடற்பறவைக்கு விலைப்பட்டியல் கிடையாது. இங்கேதான் பெரியவரின் கிணறு திரும்ப வருகின்றது.

1989 மார்ச்சில் எக்ஸன் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவில் பாறையில் மோதி, கரையெங்கும் எண்ணெய் படர்ந்தது. மீனவரின் நட்டத்தைக் கணக்கிடலாம், கழுவித் துடைத்த கூலியைக் கணக்கிடலாம். ஆனால் அலாஸ்காவுக்கு ஒருநாளும் போகாத, போகவும் உத்தேசமில்லாத ஒரு மனிதர், அந்தக் கரை கெட்டுவிட்டதே என்று வருந்தினால் அந்த வருத்தத்துக்குப் பெறுமதி உண்டா? உண்டு என்று அலாஸ்கா மாநிலம் வாதாடியது. பொருளியலாளர்கள் அமெரிக்கா எங்கும் வீடு வீடாகச் சென்று, இப்படியான ஒரு விபத்து இனி நடக்காமல் தடுக்கும் திட்டத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து ஒருமுறை எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். நடுத்தரமான விடை ஒரு வீட்டுக்கு 31 டொலர். நாட்டிலுள்ள 9 கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களால் பெருக்க, 280 கோடி டொலர் வந்தது. வெறும் கேள்வி கேட்டுப் பெற்ற இலக்கத்தை நம்பலாமா என்று பெரிய சண்டை எழுந்தது. நோபல் பரிசு பெற்ற கென்னத் அரோ, றொபேட் சொலோ இருவரின் தலைமையில் அமைந்த குழு 1993 இல், கண்டிப்பான முறையில் கேட்டால் நம்பலாம் என்று சொன்னது. 2010 இல் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளையிடும் தளம் வெடித்து, 11 பேர் இறந்து, 87 நாட்கள் எண்ணெய் கடலுக்குள் கொட்டியபோது, அதே முறையைத் திருத்தி மறுபடி பயன்படுத்தினார்கள். 2017 இல் வெளிவந்த விடை: ஒரு வீட்டுக்கு 153 டொலர், மொத்தம் 1720 கோடி டொலர்.

இந்த முறையில் எமக்கு ஒரு குறை உண்டு. கெடாமல் இருக்க எவ்வளவு கொடுப்பாய் என்று கேட்பது ஒன்று. கெடுத்துவிட எவ்வளவு வாங்குவாய் என்று கேட்பது இன்னொன்று. ஊரில் நமது வளவு பறிபோகாமல் இருக்க எவ்வளவு கொடுத்திருப்பீர்கள் என்று கேட்டால், கையில் இருந்த காசளவுதான் சொல்லியிருப்போம். அதை எவ்வளவுக்குத் தருவீர்கள் என்று கேட்டால், பலர் தரமாட்டோம் என்றே சொல்லியிருப்போம். இரண்டு விடைகளுக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கணக்கெழுதுபவர்கள் பெரும்பாலும் முதற் கேள்வியையே கேட்கிறார்கள், ஏனெனில் அதற்கு வரும் இலக்கம் அடக்கமானது. முதற் கேள்வியில் ஏழையின் கடல் மலிவாகத்தான் இருக்கும். கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லை.

இன்னொரு நுட்பம் இருக்கின்றது. இதைச் சீட்டுப் பிடிப்பவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. ஏலச்சீட்டில் முதல் மாதமே காசை எடுப்பவர் கூடக் கழிவு விட்டு எடுப்பார். கடைசிவரை பொறுப்பவருக்குக் கழிவு இல்லை. நாளைய காசு இன்றைய காசைவிடச் சிறியது என்பதுதான் அதன் அடிப்படை. அரசாங்கமும் இதே கழிவைப் பயன்படுத்துகின்றது. நாம் மேலே சொன்ன அதே 2012 குழு, முதல் 40 ஆண்டுகளுக்கு வருடம் 4 வீதம், அதன்பின் 75 ஆண்டுவரை 3 வீதம், அதற்கப்பால் 2 வீதம் என்று கழிவு வைக்கச் சொன்னது. பார்வைக்குச் சிறிய இலக்கம். ஆனால் 40 ஆண்டுகளின் பின் வரப்போகும் 100 குரோணர் சேதம், 4 வீதக் கழிவில் இன்றைய தாளில் ஏறத்தாழ 21 குரோணராக எழுதப்படும். எண்ணெய் விற்ற காசு முதற் பத்திருபது ஆண்டுகளில் முழு உருவத்தோடு வந்து நிற்கும். துருப்பிடித்த குழாயும், கைவிட்ட கிணறுகளும், சூடாகும் கடலும் பிற்காலத்தில் வருவதால் குறுகி, குள்ளமாகி வரும். நமது பிள்ளைகள் நடுத்தர வயதாகும்போது வரும் செலவுக்கு நாம் இன்று போடும் விலை அது. கழிவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கழிவு எத்தனை வீதம் என்பதை ஒருவர் மேசையிலிருந்து தீர்மானிக்கிறார் என்பதும், அந்த ஒரு இலக்கத்தை அசைத்தால் முழுக்கணக்கும் அசையும் என்பதும் தெரிந்திருப்பது நல்லது.

கணக்கின் எல்லை எது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எண்ணெய் எடுக்கும்போது தளத்தில் எழும் புகை நோர்வேயின் கணக்கில் சேரும். எடுத்த எண்ணெயை ஜேர்மனியிலோ இங்கிலாந்திலோ எரிக்கும்போது எழும் புகை நோர்வேயின் கணக்கில் சேராது. பெரும்பகுதிப் புகை எரிக்கும் இடத்தில்தான் எழுகின்றது. 2024 ஜனவரியில் ஒஸ்லோ மாவட்ட நீதிமன்றம், மூன்று எண்ணெய் வயல்களுக்கு வழங்கிய அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. எண்ணெய் எரிக்கப்படும்போது வரும் பாதிப்பை அரசு மதிப்பிடவில்லை என்பதே காரணம். அரசு மேன்முறையீடு செய்தது. 2025 மே மாதத்தில் எப்டா நீதிமன்றம், அந்தப் புகையும் திட்டத்தின் விளைவாகவே மதிப்பிடப்படவேண்டும் என்று தன் கருத்தை வழங்கியது. ஒரு கட்டம் படிவத்தில் புதிதாகக் கீறப்படுவதை நாம் கண்முன்னே பார்க்கிறோம்.

கட்டம் கீறினால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணமும் இங்கேயே இருக்கின்றது. 1991 இல் தளங்களில் வெளிவிடும் கரியமில வாயுவுக்கு அரசு வரி விதித்தது. அதுவரை இலவசமாகக் காற்றில் விட்டதற்குத் திடீரென்று விலை வந்தது. 1996 முதல் ஸ்லைப்னர் என்ற எரிவாயு வயலில், வாயுவோடு கலந்துவரும் கரியமில வாயுவைப் பிரித்து, ஆண்டுக்குப் பத்து இலட்சம் தொன் வரை, கடலடிக்குக் கீழுள்ள மணற்பாறைக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். உலகில் முதன்முதலாக இவ்வளவு பெரிய அளவில் நடந்தது அங்கேதான். கொம்பனிக்குப் பொறியியல் முதலிலும் தெரியும்; வரிக்குப் பின்னர்தான் தேவை வந்தது.

இப்போது நம் வயிற்றுப் பக்கத்துக்கு வருவோம். 1980 களின் பிற்பகுதியில் இங்கு வந்த தமிழர்களில் பலர் தூர வடக்கே, பின்மார்க் கரையோர ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில்தான் முதற் சம்பளம் எடுத்தார்கள். எமது சஞ்சிகைக் குழுவிலும் அப்படி மீன் வெட்டிய கைகள் உண்டு. வெயிலைக் காணாத இரண்டு மாதமும், றப்பர் சப்பாத்துக்குள் விறைத்த காலும் அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த மீனின் கதை லொபோத்தன் தீவுகளில் தொடங்குகின்றது. பேரென்ஸ் கடலிலிருந்து பெரிய தொர்ஸ்க் மீன்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட அங்கே வரும். இங்குள்ளவர்கள் அதை ஸ்க்ரை என்பார்கள். தலை நீக்கி, உப்பில்லாமல், மரச்சட்டங்களில் குளிர்காற்றில் காயப்போடுவார்கள். நம் கருவாட்டுக்கு ஒரு பெரியண்ணன். இத்தாலிக்கும் நைஜீரியாவுக்கும் போகும். மீன் இட்ட முட்டைகளும் குஞ்சுகளும் கரையோர நீரோட்டத்தில் மிதந்து வடக்கே பேரென்ஸ் கடலுக்குப் போய் வளரும். அந்தச் சில வாரங்களில் அந்த ஓடைபோன்ற நீரில் எண்ணெய் கலந்தால் ஒரு ஆண்டின் குஞ்சுகள் முழுவதற்கும் ஆபத்து நேரலாம். லொபோத்தன், வெஸ்தரோலன், சென்யா கடலின் கீழும் எண்ணெய் இருக்கலாம் என்பதால்தான் இந்தச் சண்டை பல ஆண்டுகளாக நடக்கின்றது. 2019 ஏப்ரலில் தொழிற்கட்சியும் அங்கே எண்ணெய்க்கான மதிப்பீடு செய்யும் எண்ணத்தைக் கைவிட்டது. அந்தக் கடல் இன்னும் திறக்கப்படவில்லை.

எண்ணெய் சிந்தவேண்டும் என்பதுகூட இல்லை. தேடினாலே மீனுக்குத் தொல்லை. கப்பலின் பின்னால் காற்றுத் துப்பாக்கிகளை இழுத்து, பெரும் ஒலியைக் கடலடிக்குள் செலுத்தி, எதிரொலியைக் கொண்டு கீழே என்ன இருக்கின்றது என்று பார்ப்பார்கள். 1992 இல் நோர்வேயின் கடலாய்வாளர்கள் நோர்த்காப்புக்கு அப்பாலுள்ள மீன் மேடையில் இதைச் சோதித்தார்கள். ஒலி எழுப்பத் தொடங்கியபின் இழுவை வலையில் பிடிபட்ட தொர்ஸ்க், ஹீசே மீன்கள் சராசரி பாதியாகக் குறைந்தன. ஒலி எழுப்பிய இடத்தில் 70 வீதம் குறைந்தன. 18 கடல் மைல் தூரம் வரை அதன் தாக்கம் தெரிந்தது. நிறுத்தி ஐந்து நாட்களாகியும் மீன் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. படகுக்காரருக்கு இதற்காகச் சில சமயங்களில் நட்டஈடு கிடைத்திருக்கின்றது. படகு மீன் கொண்டுவராத நாளில் தொழிற்சாலையில் வேலையில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்ணுக்கு?

இது நோர்வேயோடு முடிகிற விடயமும் அல்ல. 2011 இல் மன்னார்க் கடலில் கெய்ர்ன் நிறுவனம் துளையிட்டு இரண்டு இடங்களில் எரிவாயு கண்டது. டொராடோ, பரகூடா என்று அவற்றுக்கு மீன் பெயரே வைத்தார்கள். 2015 இல் அந்நிறுவனம் விலகிக்கொண்டது; வாயு இதுவரை எடுக்கப்படவில்லை. என்றாவது எடுக்க வருவார்கள். அப்போது பேசாலையிலும் தலைமன்னாரிலும் கரைவலை இழுப்பவரின் நாட்கூலி எந்தத் தாளில் எழுதப்படும் என்பது எம் எல்லோருக்கும் உரிய கேள்வி.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. இங்கே மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்தவர், குடியுரிமை இல்லாவிட்டாலும், உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். கடலைத் திறப்பதைப் பாராளுமன்றம்தான் தீர்மானிக்கும். ஆனால் கரையோரக் கொம்மூன்களின் கருத்தையும் கேட்பார்கள். அரசு ஒரு திட்டத்தை வெளியிட்டு "ஹேரிங்" என்று பொதுமக்களின் கருத்தைக் கோரும்போது, எவரும் எழுதி அனுப்பலாம். மொழி பிழையாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் வடக்கே ஒரு சிறிய ஊரில் எண்ணெய் பற்றிய ஒரு பொதுக்கூட்டம் நடந்தது. எம்மில் இருவர் போயிருந்தோம். மீன் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலைசெய்த ஓர் அக்காவும் வந்திருந்தார். கணக்கை விளக்க வந்தவர் படங்கள் காட்டிப் பேசினார். வருமானம், புதிய வேலைகள், விபத்து நிகழக்கூடிய சாத்தியம் எல்லாம் இலக்கங்களாக வந்தன. முடிவில் கேள்வி இருக்கிறதா என்றார். அக்கா எழுந்தார். அவருடைய நோர்வேஜிய மொழி நம்முடையதைப் போலத்தான்.

"மீன் வராத கிழமைகளிலை எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவினம். அந்தச் சம்பளம் உங்கட தாளிலை எந்தப் பக்கத்திலை இருக்கு?" என்பதுதான் அவர் கேட்டதன் சாரம்.

வந்தவர் தாள்களைப் புரட்டினார். உள்ளூர் வேலைவாய்ப்பு என்ற பகுதியை எடுத்துப் பார்த்தார். அதில் நிரந்தர வேலையாளர்கள் மட்டுமே கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள், மீன் காலத்து வேலையாளர்கள் சேர்க்கப்படவில்லை என்று நேர்மையாகவே சொன்னார். பிறகு பேனாவை எடுத்து, வருடத்தில் எத்தனை கிழமை அப்படிப் போகும், உங்களைப்போல எத்தனை பேர் என்று அக்காவிடம் கேட்டார். அக்கா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். பக்கத்திலிருந்த நோர்வேஜியக் கிழவர் ஒருவர், இரண்டு பெயர்களை விட்டுவிட்டாய் என்று அவருக்கு ஞாபகப்படுத்தினார்.